பேப்பர் வச்சாத்தான் எந்திரிக்கும்

என் வாழ்க்கையில் நான் வாயைத் திறந்து சொல்லியிருக்கவே கூடாத வாக்கியம் ஒன்று உண்டு. "நான் பாத்துக்கிறேன் மாமா" என்பதுதான் அது. கல்யாணமாகி மூன்றாவது வாரம், இரண்டாவது தோசைக்கும் மூன்றாவது தோசைக்கும் நடுவில் அதைச் சொன்னேன். தோசை நன்றாக இருந்தது. அந்தத் தெம்பில் சொல்லிவிட்டேன் என்றுதான் இன்றுவரை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

கம்ப்யூட்டர் படித்த மருமகள் வந்திருக்கிறாள் என்றால் ஊரில் ஒரு மரியாதை இருக்கும். அந்த மரியாதை டிவி ரிமோட்டில் தொடங்கி, ஆதார் கார்டில் பெயர் திருத்துவது, மிக்சி ஏன் சுற்றவில்லை என்று பார்ப்பது வரை விரியும். (மிக்சிக்கும் நான் படித்த படிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் கழற்றிப் பார்த்தேன். இப்போது அது சுத்தமாகச் சுற்றுவதில்லை.)

நான் பிறந்தது அரியலூர் மாவட்டம், தா.பழூர் பக்கம். வயலும் வாய்க்காலுமாக ஈரம் காயாத ஊர். கட்டிக்கொடுத்தது பெரம்பலூர் மாவட்டம், வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில். இங்கே சோளமும் பருத்தியும்தான், மிச்சத்துக்கு மாடு. என் வீட்டுக்காரர் சரவணனுக்கு ஆலத்தியூர் சிமென்ட் ஆலையில் ஷிஃப்ட் வேலை. எனக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றில், வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. எங்கோ ஒரு கட்டடத்தில் அடுக்கி வைத்திருக்கும் நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்கள் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது. அவற்றில் ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. அது எவ்வளவு பெரிய குறை என்பது பிறகுதான் தெரிந்தது.

மாமனார் செல்லமுத்து, ஊர் பால் சொசைட்டியின் செக்ரட்டரி. இருபத்திரண்டு வருடமாக அவர்தான். அதிகம் பேசமாட்டார். பேசினால் ஒரே ஒரு பெருமையைத்தான் பேசுவார். "நான் சாவியை வாங்குனதுலேர்ந்து ஒரு வேளைப் பாலு திரும்பிப் போனதில்ல." மழையடித்த நாளிலும், வேன் சேற்றில் சிக்கிய நாளிலும், அவருடைய சொந்தத் தம்பி இறந்த நாளிலும், ஊர்க்காரர்கள் ஊற்றிய பால் பெரம்பலூர் குளிரூட்டும் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மாமியார் அஞ்சலை மூன்று கறவை மாடு வைத்திருப்பவர். மாமா பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அவர் பேசுவார்.

சொசைட்டி என்பது ஒரே ஒரு அறை. அதற்குள் ஒரு எடை மெஷின், பாலில் எவ்வளவு ஃபேட் என்று சொல்லும் ஒரு மெஷின், சீட்டு அடிக்கும் ஒரு குட்டி பிரிண்டர், சுவரில் சிவப்பு எண்கள் எரியும் ஒரு பலகை. இந்த நான்கையும் கட்டி மேய்ப்பது டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கம்ப்யூட்டர். அதற்குத் திரை கிடையாது. சுவிட்சைப் போட்டால் ஒரு நிமிடத்தில் பலகையில் பூஜ்ஜியம் எரியும். எரிந்தால் எழுந்துவிட்டது என்று அர்த்தம். அது எழாமல் ஒரு சொட்டுப் பாலையும் அளக்க முடியாது. கையால் எழுதிய சீட்டை நம்பிப் பாலை வேனில் ஏற்றிக்கொள்ளும் காலம் எப்போதோ முடிந்துவிட்டது.

அந்த டிபன் பாக்ஸ்தான் வாரத்தில் இரண்டு மூன்று நாள் காலையில் எழமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. பலகை இருட்டாகவே கிடக்கும். மாமாவிடம் அதற்கு ஒரு வைத்தியம் இருந்தது. எல்லோரையும் ஒதுங்கச் சொல்லி, சுவிட்சை அணைத்து, ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றி நான்கு மெஷின்களுக்கும் காட்டிவிட்டு மறுபடி சுவிட்சைப் போடுவார். எழுந்துவிடும். ஒரு நாளும் தவறியதில்லை.

இதைத்தான் அன்றைக்குத் தோசைக்கு நடுவில் சொன்னார்.

"என்ன, அதுல ஒரு பத்து நிமிசம் போயிடுது. வேன்கார ரவி மூஞ்சியக் காட்டுறான். ஏழு மணிக்கு மேல ஒரு நிமிசம் நிக்கமாட்டேங்குறான்" என்றார்.

"கற்பூரத்துல எப்படி மாமா கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்?" என்று சிரித்தேன்.

"எந்திரிக்குதேம்மா."

"அதுக்கு ஒரு காரணம் இருக்கும். கண்டுபிடிச்சிடலாம். நான் பாத்துக்கிறேன் மாமா."

அத்தை தோசைக்கரண்டியோடு திரும்பிப் பார்த்தார். "சொல்லிட்டா இல்ல, பாத்துக்குவா" என்றார். அது நம்பிக்கையா எச்சரிக்கையா என்று எனக்கு அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றி நாலு வரி சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் தான் செய்கிற ஒவ்வொன்றையும் வரி வரியாகக் குறித்து வைத்துக்கொள்ளும். அதை லாக் என்போம். கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் அந்த லாகைத் திறந்து, கடைசி வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தால் பாதிக் கதை விளங்கிவிடும். ஆனால் சுவிட்சைப் போட்ட முதல் சில விநாடிகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. எழுதி வைக்கும் இடத்தையே அது இன்னும் திறந்திருக்காது. அந்த நேரத்து வரிகள் எல்லாம் வெறும் ஞாபகத்தில்தான் இருக்கும், அணைத்துப் போட்டால் போயே போய்விடும். சொசைட்டி கம்ப்யூட்டரின் லாகைப் படித்துப் பார்த்தேன். எழுந்த நாட்களின் கதை முழுக்க இருந்தது. எழாத நாட்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இதை அத்தைக்கு விளக்கினேன். "கண்ணு முழிச்ச உடனே அதுக்கு எழுத நோட்டு கிடைக்காது அத்தை. நோட்டு கைக்கு வர்றதுக்குள்ள என்னமோ ஆகி நின்னுடுது."

"நீ காலையில எந்திரிச்சு அரை மணி நேரம் சொவத்தப் பாத்து உக்காந்திருக்கியே, அந்த மாதிரியா?" என்றார் அத்தை.

ஏறக்குறைய அந்த மாதிரிதான். (நான் எழுவதே ஏழு மணிக்கு. இந்தத் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் மொத்தக் கேடும் இதில்தான் இருக்கிறது.)

நோட்டு இல்லையென்றால் வெளியே எதிலாவது எழுத வைக்க வேண்டும். திரையும் இல்லை. அறையைச் சுற்றிப் பார்த்தேன். சீட்டு அடிக்கும் பிரிண்டர் கண்ணில் பட்டது. கண் விழித்த முதல் நொடியிலிருந்து நடப்பதையெல்லாம் நேராக அந்தப் பிரிண்டருக்கு அனுப்பிவிட்டால் தாளில் கல்வெட்டுப் போலப் பதிந்துவிடும். மின்சாரம் போனாலும் அழியாது. இப்படி யோசித்ததற்காக என் தோளை நானே தட்டிக்கொண்டேன். அதற்கு ஒரே ஒரு வரி அமைப்பைத்தான் மாற்ற வேண்டும். மாற்றினேன். அத்தோடு விட்டிருக்கலாம். ஓர் எழுத்துகூட விட்டுப்போகக் கூடாது என்ற அதிகப் பொறுப்பில், அந்த வரியின் கடைசியில் இன்னும் ஓர் எழுத்தைச் சேர்த்தேன். 'பிரிண்டர் தயாராக இல்லையென்றால், தயாராகும் வரை காத்திரு' என்று அதற்கு அர்த்தம்.

சாயங்காலப் பால் முடிந்த கையோடு சோதித்துப் பார்த்தேன். மாமா, அத்தை, கடைசியாகப் பால் ஊற்றிவிட்டுக் கிளம்பாமல் நின்ற மருதாயி அக்கா எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவிட்சைப் போட்டேன். பிரிண்டர் கர்ர் கர்ர் என்று கத்த ஆரம்பித்து, பொடி ஆங்கிலத்தில் வரி வரியாகத் துப்பியது. தாள் மேசையிலிருந்து இறங்கி, தரையைத் தொட்டு, மருதாயி அக்காவின் காலடி வரை போனது. பலகையில் பூஜ்ஜியம் எரிந்தது.

மருதாயி அக்கா தாளைத் தூக்கிப் பார்த்தார். எங்கள் தெருவின் அந்தக் கோடியில் இரண்டு மாடு வைத்திருப்பவர். எதையும் விலை விசாரித்துவிட்டுத்தான் நம்புவார்.

"இதுல என் பாலுக்கு எவ்வளவு ஃபேட்டு போட்டுருக்கு?"

"பால் கணக்கு இல்லக்கா. கம்ப்யூட்டர் எழுந்திருக்கிறப்ப என்னென்ன பண்ணுதுன்னு அதுவே எழுதுது."

"எந்திரிச்சு மூஞ்சி கழுவுறதுக்கா நாலு மொழம் பேப்பரு?"

நான் பெருந்தன்மையாகச் சிரித்தேன். "நாளைக்குக் காலையில அது படுத்துச்சுன்னா, ஏன் படுத்துச்சுன்னு அதுவே எழுதிக் குடுத்துடும்" என்று அறிவித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சரவணனுக்குப் போன் போட்டு, கற்பூரத்தின் காலம் முடிந்தது என்று சொன்னேன். "அப்பா பொழப்புல கை வைக்காத, பாத்து" என்று அவர் சிரித்தார்.

மறுநாள் யாரோ காலைத் தட்டி எழுப்பினார்கள். கண்ணைத் திறந்தால் அத்தை. ஜன்னலில் அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது.

"மெஷினு எந்திரிக்கல. நீயாவது எந்திரி."

நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினேன். சொசைட்டி வாசலில் ஊரே நின்றது. கேன், தூக்கு, குடம் என்று கையில் கிடைத்த பாத்திரத்தில் எல்லாம் பால். சித்திரை மாதம் வேறு. ஆறு மணிக்கே வெயில் வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டது. உள்ளே பலகை இருட்டாகக் கிடந்தது. மாமா கையில் கற்பூரத் தட்டு இருந்தது, தட்டில் கரி மட்டும் இருந்தது.

"மூணு தடவ காட்டிட்டேம்மா" என்றார்.

கற்பூரம் பலிக்காமல் போனது அதுதான் முதல் தடவை. அந்தச் செய்தி வரிசையின் முதல் ஆளிடமிருந்து கடைசி ஆளுக்குப் போய்ச் சேர்ந்த வேகத்தில் எங்கள் கம்பெனியின் எந்தச் செய்தியும் போனதில்லை.

சுவிட்சை அணைத்துப் போட்டேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஒன்றும் இல்லை. மறுபடி அணைத்துப் போட்டேன். பெட்டியில் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது, உயிர் இருக்கிறது, அசைவு இல்லை. என் மாற்றத்தை எடுத்துவிடலாம் என்று லேப்டாப்பைக் கொண்டுவரச் சொல்லி இணைத்தேன். அது எழுந்தால்தான் லேப்டாப்போடு பேசும். லேப்டாப்போடு பேசினால்தான் நான் அதை எழுப்ப முடியும். மறுபடி சுவிட்சை அணைத்துப் போட்டேன். நான்காண்டுப் படிப்பும் ஐந்தாண்டு அனுபவமும் சேர்ந்து அந்தக் காலையில் எனக்குக் கொடுத்தது சுவிட்சை அணைத்துப் போடும் யோசனை ஒன்றைத்தான்.

வாசலில் பேச்சு ஆரம்பித்தது.

"நேத்து செக்ரட்டரி மருமவ என்னமோ பண்ணுச்சாமே."

"நல்லாருந்த மெஷினப் போயி எதுக்கு நோண்டணும்?"

"ஏழு மணிக்கு வேனு போயிட்டா இந்த வெயில்ல அம்புட்டும் திரிஞ்சிடும். வூட்டுக்குத் தூக்கிட்டுப் போயி என்ன பண்ண, குளிக்கவா?"

மாமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி நின்றார். இருபத்திரண்டு வருடத்தில் திரும்பாத பால், மருமகள் வந்த மூன்றாவது வாரத்தில் திரும்பப் போகிறது. அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அப்படியே பஸ் ஏறி தா.பழூருக்கே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். நைட்டியோடு எப்படிப் போவது என்பது ஒன்றுதான் தடுத்தது.

அப்போது கூட்டத்தில் ஒருவர், "படிச்ச புள்ளன்னு வூட்டுல வச்சிருந்தா இப்புடித்தான்" என்று சத்தமாகவே சொன்னார்.

அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"யாருய்யா அது? எங்க வூட்டுப் புள்ள தப்புப் பண்ணா எங்க வூட்டுக்குள்ள பேசிக்கிறோம். ஒம் பாலுல இருக்குற தண்ணியப் பத்தி நான் என்னிக்காவது தெருவுல பேசியிருக்கனா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணீரை மறைக்கத் தலையைக் குனிந்தேன். குனிந்த இடத்தில் பிரிண்டர் இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

பிரிண்டருக்குள் எட்டிப் பார்த்தேன். காலி.

"மாமா, இதுல பேப்பர் எங்க?"

"பீரோவுலம்மா."

"எந்தப் பீரோவுல?"

"நம்ம இரும்புப் பீரோவுலதான். இங்க எலித் தொல்லை. சாயங்காலம் கழட்டி உள்ள வச்சிடுவேன். காலையில மெஷினு எந்திரிச்சு பலகையில முட்டை எரிஞ்சதும் எடுத்து மாட்டுவேன். தெனமும் அப்புடித்தான்."

தினமும் அப்படித்தானாம். ஏழு மணிக்கு எழுபவளுக்கு ஐந்தரை மணிக்கு என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்? கம்ப்யூட்டர் எழுந்தால்தான் மாமா பேப்பர் வைப்பார். பேப்பர் வைத்தால்தான் கம்ப்யூட்டர் எழும், அப்படி எழும்படி நான்தான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

(பிறகு நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அது நிற்கவே இல்லை. ஓர் எழுத்தைப் பிரிண்டரிடம் நீட்டும், ஒரு விநாடி காத்திருக்கும், பதில் இல்லையென்றால் அடுத்த எழுத்தை நீட்டும். நாலு முழ எழுத்தையும் இப்படி நீட்டி முடிக்க மதியச் சாப்பாட்டு நேரம் ஆகியிருக்கும். அதற்குள் நான் சுவிட்சை அணைத்து அணைத்து, பாவம், அதை முதல் எழுத்திலிருந்து ஆரம்பிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.)

மாமா பீரோவைத் திறந்து பேப்பர் உருளையைக் கொண்டுவந்தார். வாங்கி மாட்டினேன். பிரிண்டர் ஒரு நொடி யோசித்தது. பிறகு ஏதோ ஒரு சொல்லின் பாதியிலிருந்து, கர்ர்ர் என்று அடிக்கத் தொடங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வாசலில் இருந்தவர்கள் உள்ளே பாய்ந்தார்கள். தாள் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. மாமா கவலையோடு உருளை இளைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சீட்டுக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்குமாம்மா?" என்றார்.

சரியாக அந்த நேரத்தில் வெளியே வேன் ஹாரன் அடித்தது. மணி ஏழு. பலகை இன்னும் இருட்டு.

ரவி இறங்கவே இல்லை. என்ஜினை அணைக்காமல் தலையை மட்டும் நீட்டினார். "ரெடியா இல்லியா? இல்லன்னா நான் அடுத்த ஊருக்குப் போறேன். எனக்கு நேரம் எழுதுறாங்க அங்க."

"பத்தே நிமிசம் ரவி" என்றார் மாமா.

"பத்து நிமிசம்னா எல்லா ஊருலயும் பத்து நிமிசம் கேப்பாங்க" என்று அவர் கியரைப் போட்டார்.

அப்போதுதான் மருதாயி அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனார். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ரேஷன் கடை, தண்ணீர்க் குழாய், பால் சொசைட்டி எங்கே வரிசை என்றாலும் ஆள் நிற்க வேண்டியதில்லை, பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனால் போதும். பாத்திரம் இருக்கிற இடம் அந்த ஆளுடைய இடம். அதை நகர்த்தினால் வம்புக்கு இழுத்த மாதிரி. மருதாயி அக்கா நேராகப் போய், தன் பால் கேனை வேனின் முன்சக்கரத்துக்கு ஓர் அடி முன்னால் நங்கென்று வைத்தார்.

"எடம் போட்டுருக்கேன்" என்றார்.

ரவி ஒன்றும் புரியாமல் பார்த்தார். "எதுக்குக்கா எடம்?"

"ஒன் வேனுல ஏத்தத்தான். மொத ஆளு நான். எம் பாலு ஏறாம இந்தக் கேன எவன் நவுத்துறான்னு பாக்குறேன்."

அவர் பின்னாலேயே இன்னொருவர் தன் தூக்கைக் கொண்டுபோய் வைத்தார். அடுத்து ஒரு குடம். இரண்டே நிமிடத்தில் வேனைச் சுற்றிப் பாத்திரக்கடை போட்டது போல ஆகிவிட்டது. பின்சக்கரத்துக்குப் பின்னால்கூட ஒரு சொம்பு இருந்தது. ரவி என்ஜினை அணைத்துவிட்டு, குளிரூட்டும் நிலையத்துக்குப் போன் போட்டார். "வண்டியச் சுத்திப் பாலுங்க. நான் என்ன பண்றது?" என்று அவர் சொன்னது உள்ளே கேட்டது.

பலகையில் பூஜ்ஜியம் எரிந்தது. நான் போட்ட கூச்சலில் மாமாவே பயந்துவிட்டார். அதன்பிறகு முக்கால் மணி நேரம் அந்த அறையில் யாரும் மூச்சுவிடவில்லை. அத்தை கேனைத் தூக்கி ஊற்ற, மாமா டெஸ்ட் பார்க்க, நைட்டியும் துண்டுமாக நான் சீட்டுக் கிழித்துக் கொடுத்தேன். உருளையில் கடைசி ஒரு முழம் மிச்சமிருந்தபோது கடைசிக் கேன் ஏறியது. ஒரு சொட்டுத் திரும்பவில்லை. வேன் தெரு முனையில் திரும்பிய பிறகு மாமா நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கண்டுபிடிச்சியாம்மா?" என்றார். உண்மையாகவே கேட்டார், குத்தலாக இல்லை. அதுதான் என்னை இன்னும் அதிகமாகக் கொன்றது.

தீர்ப்பை வீட்டில் அத்தை சொன்னார். வீட்டுக்குள் பேசிக்கொள்கிறோம் என்றாரே, அதன்படி. "நாளையிலேர்ந்து அஞ்சு மணிக்கு எங்களோட நீயும் வர்ற. மெஷினுக்குப் பேப்பரு எங்க இருக்குன்னே தெரியாம மெஷின வைத்தியம் பாக்க வந்துட்டா."

அன்றைக்கே 'காத்திரு' என்ற அந்த ஓர் எழுத்தை எடுத்துவிட்டேன். எலி நுழையாதபடி பிரிண்டரைத் தகர டப்பா ஒன்றுக்குள் வைத்து, பேப்பர் இரவிலும் அதிலேயே இருக்கும்படி செய்தோம். தினமும் ஐந்து மணிக்கு எழுந்து, அரைத் தூக்கத்தில், சொசைட்டி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

நான்காவது நாள் மறுபடி படுத்தது. ஓடிப்போய்த் தாளைப் பார்த்தேன். ஒரு வரிகூட இல்லை. வெள்ளைத் தாள். அப்படியென்றால் முதல் வரியை எழுதும் முன்பே, கண்ணைப் பாதி திறந்த நிலையிலேயே நின்றிருக்கிறது. மாமா வழக்கம்போலக் கற்பூரத்தை எடுத்தார்.

"ஏய், கேன எறக்கு. பாலு மேல கரி வுழப்போவுது" என்று அத்தையிடம் சொன்னார்.

அத்தை எடை மெஷினின் மேலிருந்து தன் கேனை இறக்கினார். மாமா கற்பூரம் காட்டினார். சுவிட்சைப் போட்டார். பிரிண்டர் கர்ர் என்றது.

எனக்குத் தூக்கம் மொத்தமாகக் கலைந்தது.

அத்தை மாமாவோடு வருகிற நாட்களில் அத்தைதான் முதல் ஆள். கதவைத் திறந்ததும், வேறு யாரும் முந்திவிடக் கூடாது என்று, கேனை எடை மெஷினின் மேலேயே வைத்து இடம் போட்டுவிடுவார். எடை மெஷினுக்குத் தனி பேட்டரி. மேலே கனம் இருந்தால் இத்தனை கிலோ, இத்தனை கிலோ என்று கம்ப்யூட்டருக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டருக்கோ கண் விழிக்கும் முதல் மூன்று விநாடி, யாராவது ஏதாவது சொன்னால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு 'உத்தரவு சொல்லுங்க' என்று காத்திருக்கும் குணம். எடை மெஷினின் புலம்பலை உத்தரவு என்று எடுத்துக்கொண்டு நின்றுவிடும். கற்பூரம் காட்டக் கேனை இறக்கியதும் புலம்பல் நின்றது, கம்ப்யூட்டர் எழுந்தது. மாமாவின் கற்பூரம் ஒரு நாளும் பொய்யாகவில்லை.

சாயங்காலம் ஊரே கேட்டது, காரணம் தெரிந்ததா என்று. மருதாயி அக்கா முன்வரிசையில் நின்றார். நான் அத்தையைப் பார்த்தேன். நடுத்தெருவில் என்னை விட்டுக்கொடுக்காத மனுஷியை நான் எப்படி விட்டுக்கொடுப்பது?

"வயர் கொஞ்சம் லூசுக்கா. இனிமே பலகையில முட்டை எரியிற வரைக்கும் எடை மெஷின் மேல யாரும் எதுவும் வைக்காதீங்க, அவ்வளவுதான்" என்றேன்.

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். அன்றைக்கு எனக்கு மட்டும் முட்டைத் தோசை வந்தது.

மறுநாள் காலை, கதவு திறந்தது. அத்தை கேனைத் தரையில் வைத்தார். பலகையில் பூஜ்ஜியம் எரிந்ததும் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "எல்லாரும் கேட்டுக்குங்க. வயரும் லூசில்ல, ஒரு மண்ணும் இல்ல. இத்தன நாளா மெஷினு படுத்தது எங் கேனாலதான். எம் மருமவ மூடி மறைக்கிறா. எனக்கு மறைச்சுப் பழக்கமில்ல."

மருதாயி அக்கா, "அதான பாத்தேன். மொத ஆளா வரணும்னு வந்து மெஷினயே படுக்க வச்சிட்டியா அஞ்சல?" என்று ஆரம்பிக்க, அங்கே எழுந்த சிரிப்பில் அத்தையும் சேர்ந்துகொண்டார். மாமா மட்டும் சிரிக்காமல் கற்பூரத் தட்டைத் துடைத்து அலமாரியில் வைத்தார். இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் காட்டுகிறார். நான் வாயைத் திறப்பதில்லை.

ஆனால் ஊருக்கு அத்தையின் கேன் மறந்துவிட்டது. வீட்டுக்கு என் பேப்பர் மறக்கவே இல்லை. காலையில் நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் அத்தை அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பார். "அவளுக்குப் பேப்பரு வச்சாச்சா?" பேப்பர் என்றால் காபி. சரவணன் டம்ளரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, "பேப்பர் வச்சாச்சு, முட்டை எரியுதான்னு பாரு" என்பார். ஒரு நாள் மாமாவே, அந்த அதிகம் பேசாத மாமாவே, டம்ளரை நீட்டி "பேப்பரும்மா" என்றார். அதற்குப் பிறகு எதிர்த்துப் பேச எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

போன வருடம் பெரம்பலூரில் எனக்கு ஆபரேஷன் செய்துதான் மகள் பிறந்தாள். மயக்கம் தெளியத் தாமதமாகிவிட்டது. சரவணன் பயந்துபோய் வெளியே நின்றிருக்கிறார். எனக்குக் கண் திறக்கவில்லை, காது மட்டும் மெல்லத் திறந்தது. தூரத்தில் யாரோ பேசுவது கேட்டது. நர்ஸ் ஒருவர், "கொஞ்ச நேரத்துல முழிச்சுடுவாங்கம்மா, பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் தானா முழிக்கமாட்டா நர்ஸம்மா" என்றது அத்தையின் குரல். அழுது முடித்த குரல். "பிளாஸ்குல கொண்டாந்திருக்கேன். பேப்பரு வைக்கட்டுமா?"

"பேப்பரா? என்ன பேப்பர்?"

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. தையல் போட்ட வயிற்றோடு சிரிக்கவே கூடாது என்று பிறகு டாக்டர் திட்டினார். கண்ணைத் திறந்தேன். ஒரு கையில் பிளாஸ்க்கும் இன்னொரு கையில் என் மகளுமாக அத்தை நின்றிருந்தார். நான் விழித்ததை அவர் கவனிக்கவே இல்லை. அவர் நர்ஸின் பக்கம் திரும்பி, மும்முரமாக ஆரம்பித்திருந்தார்.

"இவ கல்யாணமாயி மூணாவது வாரம் நர்ஸம்மா. தோசை ஊத்திக்கிட்டு இருக்கேன்..."